சிலிண்டர் தேதிகள்

சிவில் பிரிவில் இந்த வருஷம் சேர்ந்தவர்கள் நாலு பேர்.
அதில் ரெண்டு பேர் ஓணம் லீவுக்குப் போய்த் திரும்பவில்லை.
வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு
என்னையும் பஸ் டிரைவர் ஞானசீலனையும்
ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள்.
லேபில் தொட்டித் தண்ணீருக்குள்
ஒன்பது கான்கிரீட் கட்டிகள் கிடந்தன,
இருபத்தெட்டாம் நாள் எடுத்து உடைக்க வேண்டியவை.
அன்று பதினொன்றாம் நாள்.
சாவி கொடுக்கும்போது சொன்னேன்.
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

தக்கலையில், மேட்டுக்கடைக்குப் பின்னால் வீடு.
எடவப்பாதி மழையோடு குடி வந்தோம்.
கரார் பதினோரு மாசம், இருந்தது ஐந்து.
வாடகை ஏழாயிரம், அட்வான்ஸ் நாற்பது.
அதில் பாதி என் வளையலாக இருந்தது.

வீட்டுக்காரர் தம்மாமில்.
வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் வரும், பின்னால் ஏசி இரைய:
"வேல போச்சுண்ணு கேட்டப்ப எனக்கும் வெஷமம்தான் மக்களே.
ஆனா கரார்ல எழுதியிருக்குல்லா?
எடைல காலி பண்ணுனா ஒரு மாச வாடகை.
பெறவு பெயிண்டுக்கு எட்டாயிரம்.
அது எல்லார்கிட்டயும் பிடிக்கதுதான், கேட்டியா?"

கேட்டேன்.
மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

கருங்கலில் டென்னிசனின் அண்ணன் வீட்டு மாடியில்
ஒரு அறை, மேலே ஷீட்.
கட்டில் நுழையாது, அளந்து பார்த்தாயிற்று.
முளகுமூட்டிலிருந்து ஒருத்தர் வந்து
காலைத் தட்டினார், பலகையை முகர்ந்தார்,
விலை சொல்லாமல் போனார்.
படுக்கையறைச் சுவரில் ஈரம் இடுப்பளவு ஏறியிருந்தது.
ஏறும்போதே பார்த்தேன், அது என் தொழில்.
சொல்லவில்லை.
வாடகைக்கு இருக்கிறவள் சொன்னால் அது குறை.

கடைசியாக அடுக்களை.
கதவு எப்போதும் திறந்தே கிடக்கும்,
அதன் பின்னால் உள்ள சுவரை
சிலிண்டர் மாற்றும் நாளில்தான் பார்ப்பேன்.
பென்சிலால் தேதி எழுதுவேன்.
எனக்கு முன்னால் இருந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள்.
மேலே சாய்ந்த கையெழுத்து, பதினேழாம் வருஷம்,
முப்பது முப்பது நாளில் தீர்ந்திருக்கிறது, பிள்ளைகள் இருந்திருக்கும்.
அடுத்தவர் ஏழுக்கு நடுவே கோடு போடுகிறவர்.
ஒரு சிலிண்டர் அவருக்கு மூன்று மாசம்.
யாருக்கென்று சமைத்தாரோ.
மூன்றாவது ஆள் ரெண்டே தேதி.
அப்புறம் சுவர்.
அதற்குக் கீழே நான்.

ஸ்டவ்வை விட்டுவிட்டு நின்றேன்.
இதன்மேல் ஒரே ஒரு கோட் விழுந்திருந்தாலும்
அந்தச் சாய்ந்த எழுத்தை நான் பார்த்திருக்க மாட்டேன்.
எல்லார்கிட்டயும் பிடிக்கதுதான்.
பிடித்ததில் ஒரு சொட்டும்
சுவர் வரைக்கும் வரவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பினேன்.
ரெண்டு டிக்கும் நீலமாயின.
குரல் வரவில்லை.
ராத்திரி பத்தரைக்கு இருபத்தைந்தாயிரம் வந்தது,
கூடவே கும்பிடுகிற கை ஒன்று.
டென்னிசன் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.
"எட்டாயிரத்துக்கு வக்கீலப் பாத்தா
பத்தாயிரம் கேப்பான்."

மறுநாள் சாவி வாங்க அவர் கொளுந்தியாள் வந்தாள்.
பல்புகளை எண்ணினாள்.
ஃபேன் ரெகுலேட்டரை ஐந்து வரை திருகினாள்.
அடுக்களைக் கதவை அசைக்கவில்லை.
அவள் கிணற்றடியில் மோட்டாரைப் பார்க்கப் போன நேரம்
பையைத் துழாவினேன்.
லேபில் கட்டிகளுக்கு நாள் குறிக்கிற தடிப் பென்சில்,
கல்லூரிச் சொத்து,
ஒப்படைக்க மறந்தது.

என் கடைசித் தேதிக்குக் கீழே:
பெயிண்டுக்குப் பிடித்தது 8000. அடிக்கவில்லை.

அடுத்து வருகிறவர்களுக்கு
முதல் சிலிண்டர் தீர ஒரு மாசமாவது ஆகும்.
இதை வாசிக்கையில் அட்வான்ஸ் கைமாறியிருக்கும்.
தெரியும்.
வெளியே டெம்போ ஹார்ன் அடித்தது.
திரும்பி வந்து இன்னொன்றும் எழுதினேன், சின்ன எழுத்தில்:
மோட்டார் சுவிட்சை ஈரக்கையோடு தொட வேண்டாம்.